மேசையின் நினைவும் எங்கள் மறதியும்

வானொலி கேட்கிறவர்களுக்கு அறிவிப்பாளரின் குரல் தெரியும். சில வேளைகளில் பெயரும் தெரியும். அந்தக் குரலுக்கும் அவர்கள் வீட்டுப் பெட்டிக்கும் நடுவே ஒரு மேசை இருக்கிறது என்பதைப் பெரும்பாலோர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒலிக்கலவை மேசை என்று எழுதலாம். நிலையத்தில் அதைக் கன்சோல் என்றுதான் சொல்வோம். திருச்சியில் ஒரு சிறு பண்பலை நிலையத்தில் நாங்கள் நால்வர் சில ஆண்டுகள் அந்தக் கன்சோலின் முன் உட்கார்ந்திருந்தோம். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறுகிற ஏற்பாடுகளை அந்த மேசையில் சேமித்து வைக்கும் வேலையைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம். இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வடக்குச் சித்திரை வீதியில் இருந்த ஒரு மூதாட்டிக்கு நாங்கள் இழைத்த பிழை இதில் இருக்கிறது. அதைச் சொல்ல, மேசையைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

திருச்சிக்கும் வானொலிக்கும் உள்ள உறவு பழையது. சென்னையில் 1938இல் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது. மறு ஆண்டே, 1939 மே மாதத்தில், திருச்சி நிலையம் வந்துவிட்டது. 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தைப் பற்றித் திருச்சி நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சிகள் விடாமல் பேச, தஞ்சை விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். வானொலியில் சொன்னால் விதைக்கலாம் என்ற நம்பிக்கை அது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசியன்று விடியலுக்கு முன்பே எழுந்து, திருவரங்கத்திலிருந்து வரும் நேர்முக வர்ணனைக்காகப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்த வீடுகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். எங்கள் வீடுகளும் அவற்றில் சேர்த்தி. ஆகவே வானொலியில் வேலை என்றபோது, சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் முன்பே சரி என்று சொல்லியிருந்தோம்.

*

முதலில் எங்களுக்கு இருந்தது பழைய முறை மேசை. பன்னிரண்டு ஃபேடர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி, அந்தக் கம்பியின் மறுமுனையில் ஒரு மைக்கோ ஒரு குறுந்தகடு இயக்கியோ தொலைபேசி இணைப்போ. ஃபேடர்களுக்குக் கீழே வெள்ளை ஒட்டுநாடா ஒட்டி, எது எது என்று பேனாவால் எழுதி வைத்திருந்தோம். காலை நிகழ்ச்சிக்காரர் எழுந்து போனதும் மதிய நிகழ்ச்சிக்காரர் வந்து, திருகுகளைத் தம் குரலுக்கு ஏற்பத் திருப்பிக்கொள்வார். அந்த மேசைக்கு நினைவு கிடையாது. நினைவெல்லாம் எங்கள் விரல்களில்தான்.

பிறகு எண்முறை மேசை வந்தது. அதில் ஃபேடருக்கும் மைக்குக்கும் நிரந்தர உறவு இல்லை. எந்த ஃபேடரில் எந்த ஒலி வரவேண்டும், அது ஒலிபரப்புக்குப் போகவேண்டுமா பதிவுக்குப் போகவேண்டுமா, இந்த மைக்கில் கீழ்ச்சுருதியை எவ்வளவு குறைக்க வேண்டும், விருந்தினரின் காதுக்கருவியில் என்ன கேட்க வேண்டும், தொலைபேசியில் இருப்பவருக்கு என்ன திரும்பிப் போகவேண்டும் என்பதையெல்லாம் கணினித் திரையில் ஒருமுறை தீர்மானித்து, ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடலாம். ‘காலை மலர்’ என்று தொட்டால் மேசை முழுவதும் காலை மலராக மாறிவிடும். ‘நேயர் நேரம்’ என்று தொட்டால் அதே ஃபேடர்கள் வேறு வேலை செய்யும். திருவரங்கத்துக்காரரும் மின்னணுப் பொறியாளருமான சுஜாதாவாக இருந்தால் இதை நான்கு வரியில் சொல்லி, ஐந்தாவது வரியில் சிரிக்கவும் வைத்திருப்பார். எங்களால் இவ்வளவுதான் முடிகிறது.

இந்தச் சேமிப்பில் எங்களுக்குப் பிடித்துப்போன ஒரு நாகரிகம் உண்டு. ஒருவர் மைக்கில் பேசிக்கொண்டிருக்கும்போது நீங்கள் புதிய அமைப்பை வரவழைத்தால், மற்ற ஃபேடர்களெல்லாம் மாறிவிடும். பேசிக்கொண்டிருப்பவரின் ஃபேடர் மட்டும் மாறாது. அவர் பேசி முடித்து, அந்த வழியை அணைத்த பிறகே அது தன் புதிய வேலைக்குப் போகும். பேசுகிறவரைப் பேசி முடிக்க விடவேண்டும் என்பதை ஓர் இயந்திரத்துக்குள் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லா மேசைகளும் இப்படி நடக்குமா என்றால் இல்லை. எங்களுடையது நடந்தது.

சேமிக்க முடியாததும் ஒன்று இருந்தது. எங்கள் மேசையின் ஃபேடர்களுக்குள் மோட்டார் கிடையாது. அமைப்பு மாறினாலும் ஃபேடர் கடைசியாக விட்ட இடத்திலேயே நிற்கும். எந்த ஒலி எங்கே என்பதை மேசை நினைவில் வைத்திருக்கும். எவ்வளவு ஏற்றுவது என்பதைக் கைதான் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

*

வசதி வந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஆளுக்கொரு அமைப்பு. ஒருவருக்குத் தம் மைக் முதல் ஃபேடரில் வேண்டும். இன்னொருவருக்கு வலக்கை ஓரத்தில் வேண்டும். பாடல் போடும் கணினி ஒருவருக்கு மூன்றில், மற்றவருக்கு ஏழில். ஆறு மாதத்தில் பட்டியலில் இருபத்து மூன்று அமைப்புகள். ‘காலை’, ‘காலை புதியது’, ‘காலை புதியது 2’, ‘காலை கடைசி’ என்று பெயர்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்து வேறொருவர் போய் உட்கார்ந்தால், பாட்டு வரவேண்டிய இடத்தில் மைக் திறக்கும். தேநீர் கேட்கிற குரல் ஒருமுறை தில்லைநகர் வரை கேட்டது.

அப்போது எங்களுக்கு உதவியாக வந்து போய்க்கொண்டிருந்தவர் ஒலிபரப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். திருவரங்கத்தில் குடியிருந்தார். ஒன்றாம் எண் பேருந்தில் வந்து இறங்கி, ஒரு காப்பி குடித்துவிட்டுத்தான் மேசைப் பக்கம் வருவார். பட்டியலைப் பார்த்தார், சிரிக்கவில்லை.

“இது யாருக்காகத் தம்பி சேமிச்சு வச்சிருக்கீங்க?”

“நிகழ்ச்சி பண்றவங்களுக்கு, சார்.”

“அவங்க வராத அன்னிக்கு?”

பதில் இல்லை.

“நல்லா இருக்கிற நாளுக்கு எந்த ஏற்பாடும் வேண்டாம். ஆள் மாறுற நாள், கரண்ட் போற நாள், கை நடுங்குற நாள், அதுக்குத்தான் ஏற்பாடு. கண்ண மூடிக்கிட்டு நீட்டினா அறிவிப்பாளர் மைக் கையில படணும். அது எந்த நிகழ்ச்சியிலயும் மாறக் கூடாது.”

இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தோம். முதல் ஃபேடர் எப்போதும் அறிவிப்பாளர். இரண்டும் மூன்றும் விருந்தினர். நான்கும் ஐந்தும் தொலைபேசி. அதற்கு மேல் பாடலும் விளம்பரமும். கடைசி ஃபேடர், எல்லாம் கெட்டுப்போனால் நேராக ஒலிபரப்புக்குப் போகும் ஒரு குறுந்தகடு இயக்கி. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறவேண்டியவை மட்டும் மாறின. இருபத்து மூன்று, ஐந்தாயிற்று. நான்காம் எண் ‘நேயர் நேரம்’.

*

நேயர் நேரத்தின் உயிர், தொலைபேசியில் பேசுகிறவருக்கு நாம் திருப்பி அனுப்பும் ஒலியில் இருக்கிறது. அறிவிப்பாளர் பேசுவது அவருக்குக் கேட்க வேண்டும். பாடல் கேட்க வேண்டும். ஆனால் அவருடைய சொந்தக் குரல் மட்டும் அவருக்குத் திரும்பிப் போகக் கூடாது. மொத்தக் கலவையிலிருந்து அவர் ஒருவரைக் கழித்துவிட்டு மீதியை அவருக்குக் கொடுப்பது. மிக்ஸ் மைனஸ் என்பார்கள். பழைய மேசையில் இதைக் கம்பியால் செய்துவந்தோம். புதிய மேசையில் இதுவும் சேமிப்பில் அடங்கிய ஒரு வரி.

இதில் தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பது நெடுநாளாகவே அறியப்பட்ட செய்தி. ஒருவருடைய குரலை நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதமாக அவர் காதுக்கே திருப்பிக் கொடுத்தால், நன்றாகப் பேசுகிறவரும் திக்குவார், இழுப்பார், நின்றுவிடுவார் என்பதை அமெரிக்கரான பெர்னார்டு லீ 1950இல் எழுதினார்.  நாம் பேசும்போது நம்மை அறியாமலே நம் குரலைக் கேட்டபடிதான் அடுத்த சொல்லை எடுத்து வைக்கிறோம். அந்தக் கேட்பைக் கலைத்தால் பேச்சும் கலைகிறது.

2009ஆம் ஆண்டு, மார்கழி. வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய இரவு இரண்டு அறிஞர்களைத் தொலைபேசியில் ஒருசேரப் பேசவைத்து ஓர் உரையாடலைப் பதிவு செய்தோம். இருவருக்கும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்க வேண்டும். அதைச் சரியாக அமைக்கும் முறை அப்போது எங்களுக்குக் கைவரவில்லை. அவசரத்துக்கு, மொத்தக் கலவையையே இருவருக்கும் திருப்பி அனுப்பினோம். இருவரும் உள்ளூர்த் தரைவழித் தொலைபேசியில் இருந்தார்கள். அந்த வழியில் தாமதம் மிகக் குறைவு என்பதால் அவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பதிவு நன்றாகவே அமைந்தது. முடித்து எழும்போது திரை, மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினோம். அது நான்காம் எண்ணின் மேல் போய் உட்கார்ந்தது.

யார் அழுத்தியது என்பது எங்கள் நால்வருக்கும் தெரியும். அந்தக் கேள்வியை அன்றே ஒதுக்கிவிட்டோம். மற்ற மூவரும் அந்த அறையில்தான் இருந்தோம். திரையை எல்லாரும்தான் பார்த்தோம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நேயர் நேரம். சொர்க்கவாசல் திறப்பை வீட்டிலிருந்தே கேட்ட முதியவர்கள் பேசலாம் என்று அறிவித்திருந்தோம். இரண்டாவது அழைப்பு ஒரு பாட்டி. பேரனின் கைப்பேசியிலிருந்து பேசினார். கைப்பேசி வழியில் குரல் போய்த் திரும்ப, நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடும்.

“நான் வடக்குச் சித்திரை வீதியிலேர்ந்து...” என்றார். நின்றார். மீண்டும், “நான்... வடக்கு...” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று, யாரோ குறுக்கே பேசுவதுபோலக் காத்திருந்து, மறுபடி தொடங்கினார். எங்களுக்கும் நேயர்களுக்கும் அவர் குரல் துல்லியமாகவே கேட்டது. திரும்பிப் போகும் ஒலி அவர் ஒருவர் காதில் மட்டுமே விழுவது. ஆகவே கோளாறு இருக்கக்கூடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வயது, பதற்றம் என்று நினைத்தோம். அறிவிப்பாளர் மிகுந்த கனிவோடு, “பரவாயில்லை பாட்டி, உங்க மனசு எங்களுக்குப் புரியுது. அப்புறமா நிதானமாப் பேசலாம்” என்று சொல்லிப் பாடலுக்குப் போய்விட்டார். அந்தக் கனிவை இப்போது நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

நான்காவது அழைப்பு ஓர் இளைஞர். “சார், என் குரலே எனக்குத் திரும்பக் கேக்குது, பேச முடியல” என்று பட்டென்று சொன்னார். அப்போதுதான் திரையைப் பார்த்தோம்.

இளைஞருக்கு இயந்திரம் பழுது என்று உடனே தோன்றியது. பாட்டிக்கு அப்படித் தோன்றவில்லை. மறுநாள் அந்த எண்ணுக்கு அழைத்து, பிழை எங்களுடையது என்று விளக்கினோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்படியா? எனக்குக் காதுதான் போயிடுத்துன்னு நெனச்சேன். ராத்திரி தூங்கலை, குழந்தே. யார்கிட்டயும் சொல்லலை” என்றார்.

*

ராப்பத்து முடிவதற்குள் இன்னொரு நாள் பேசுவதற்கு அவர் ஒப்புக்கொண்டார். இம்முறை நிகழ்ச்சிக்கு முன் நாங்கள் ஒருவர் தெருவுக்குப் போய், எங்கள் கைப்பேசியிலிருந்து நிலையத்தை அழைத்து, எங்கள் குரல் எங்களுக்குத் திரும்பவில்லை என்று உறுதி செய்துகொண்டோம்.

பாட்டி ஆறு நிமிடம் பேசினார். புக்ககம் வந்த நாளிலிருந்து ஏகாதசிக்குக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். முழங்கால் விட்டுக்கொடுத்த பிறகு வானொலிதான். அவர் சொன்னதில் ஒன்று எங்களை நிமிர வைத்தது. “நம்பெருமாள் வாசலுக்கு வந்ததும் ஜனங்க ‘ரங்கா ரங்கா’ன்னு கோஷம் போடுவா. அது எனக்கு ரெண்டு தரம் கேக்கும். முதல்ல ரேடியோல வரும். அப்புறந்தான் நெஜமா கோயில்லேர்ந்து வரும். இத்தனை கிட்டக்க இருந்தும் ரேடியோதான் முந்தி. எங்காத்துல யாரும் நம்பலை. அப்பவும் என் காதுதான் சரியில்லைன்னா.”

பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததை மறக்க முடியாது. “நூத்துக்கு நூறு சரி” என்றார். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். வாசலுக்கும் அந்த அம்மாளின் திண்ணைக்கும் முந்நூறு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கோஷம் நடந்து வர ஒரு நொடிக்குச் சற்றே குறைவு. அதே கோஷம் மைக்கில் புகுந்து, கம்பியில் நிலையத்துக்குப் போய், ஒலிபரப்பியிலிருந்து நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் திரும்பி வருவதற்குக் கண் இமைக்கும் நேரம்கூட ஆவதில்லை. பழைய ஒலிபரப்பில் அப்படித்தான். இன்று இணைய வழியில் கேட்கிறவர்களுக்குச் சில நொடிகள், சிலசமயம் அதற்கும் மேல், தாமதமாகிறது; அவர்களுக்குக் கோயில்தான் முந்தும்.

ஒரு நொடிக்கும் குறைந்த வேறுபாட்டைப் பிரித்தறிந்து, ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருந்த காது அது. அந்தக் காதின் மேல்தான் நாங்கள் ஓரிரவு சந்தேகத்தை ஏற்றி வைத்தோம்.

*

திருவரங்கத்துக்குக் கோயிலொழுகு என்று ஒரு நூல் உண்டு. எந்தக் கைங்கரியம் யாருடையது, எந்த உற்சவத்தில் எது எங்கே நடக்க வேண்டும் என்ற ஏற்பாடுகளும் கோயிலின் வரலாறும் அதில் கலந்து கிடக்கின்றன. கோயில் பணியாளரைப் பத்துக் கொத்தாக வகுத்து முறைப்படுத்தியவர் இராமாநுசர் என்பது அதன் வழி வரும் மரபு. பகல்பத்துக்கு அர்ச்சுன மண்டபம், இராப்பத்துக்கு ஆயிரங்கால் மண்டபத்தின் திருமாமணி மண்டபம் என்று இன்றும் நாள் வந்தால் இடம் மாறிக்கொள்கிற கோயில் அது. ஒரே கோயில், நாளுக்கேற்ப வேறு வேறு அமைப்பு. எங்கள் மேசையோடு ஒப்பிடுவது அதிகப்பிரசங்கம்தான். ஆனாலும் ஐந்து அமைப்புகளை எழுதி முடித்த அன்று எங்களுக்கு அதுவே நினைவுக்கு வந்தது.

பதினான்காம் நூற்றாண்டில் படையெடுப்புக்கு அஞ்சி வெளியே எடுத்துச் செல்லப்பட்ட உற்சவர், ஊர் ஊராகச் சுற்றி, 1371இல் கோபண்ணரின் முயற்சியால் திரும்பி வந்தார். அரை நூற்றாண்டுக்குச் சற்றே குறைந்த காலம். இடையில் வேறு மூர்த்தி எழுந்தருளியிருக்க, வந்தவர்தாம் பழையவர் என்று உறுதியாகச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. அப்போது கண்பார்வை இழந்த முதிய வண்ணார் ஒருவர், திருமேனிக்குச் சாற்றிய ஈரவாடையின் நீரைக் கொண்டு இவரே அவர் என்று அடையாளம் சொன்னார் என்பது வழிவழியாக வரும் கதை. நம்பெருமாள் என்ற பெயரே அதனால் வந்தது என்பார்கள். எழுதி வைத்த ஏற்பாடு எவ்வளவு இருந்தாலும், ஓர் இடத்தில் அது போதாமல் போகிறது. அங்கே யாரோ ஒருவருடைய புலன் தேவைப்படுகிறது. அப்படிப்பட்டவர் பெரும்பாலும் நாம் கேட்க நினைக்காத ஒருவராகவே இருக்கிறார்.

நாங்கள் செய்த திருத்தங்கள் சிறியவை. ஐந்து அமைப்புகளையும் பூட்டினோம். நிகழ்ச்சியின் நடுவே யார் எதை மாற்றினாலும், மறுமுறை வரவழைக்கும்போது பழைய நிலைக்கே திரும்பும். பூட்டைத் திறக்க இருவர் வேண்டும் என்று வைத்தோம். ஒரு நீளக் குறிப்பேடு போட்டு, ஒவ்வொரு அமைப்பிலும் ஒவ்வொரு ஏற்பாடும் ஏன் அப்படி இருக்கிறது என்று எழுதினோம். மேசை எதை என்பதை நினைவில் வைக்கும். ஏன் என்பதை வைக்காது. நான்காம் எண்ணுக்கு எதிரே, பெயர் இல்லாமல், பாட்டியின் கதையை மூன்று வரியில் எழுதினோம். யாராவது திக்கினால் முதலில் நம் பக்கத்தைச் சரிபார் என்று கீழே ஒரு வரி.

நாங்கள் நால்வரும் இப்போது வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வேலைகளில் இருக்கிறோம். அந்த மேசையையும் மாற்றிவிட்டார்கள். சென்ற ஆண்டு திருச்சி போனபோது நிலையத்தை எட்டிப் பார்த்தோம். குறிப்பேடு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் நேயர் நேரத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில், எங்களுக்கு அறிமுகமில்லாத ஓர் இளம்பெண் எழுந்து கைப்பேசியோடு வாசலுக்குப் போனார். எதற்கு என்று கேட்டோம்.

“உள்ள ஃபோன் பண்ணிப் பேசிப் பார்ப்போம், சார். இங்க எப்பவும் அப்படித்தான்” என்றார்.